மூன்று மில்லிமீட்டர் சரிவு

என் வீட்டுக்காரர் கட்டிய ரிசீவரைக் கழற்றலாமா என்ற பேச்சு கிளம்பியதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

கழற்றுங்கள் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. வாராந்தரக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு, "கடைசிப் புள்ளி எல்லாத்துலயும் கீழ விழுது" என்றேன். அவ்வளவுதான். அறையில் இருந்த பதினான்கு பேரும் ஒரேயடியாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரே ரேடியோ தொலைநோக்கியில். ஊருக்கு வெளியே, மரம் மட்டை இல்லாத மேட்டில் நாற்பது மீட்டர் அகலத்தில் ஒரு டிஷ். டிஷ் குவித்துத் தருகிற அலைகளை வாங்கி எண்ணாக மாற்றுகிற கருவிக்குப் பெயர்தான் ரிசீவர். மூன்று மில்லிமீட்டர் அலைக்கான ரிசீவரை என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் உட்கார்ந்து கட்டினார். அதை எப்போதும் மைனஸ் இருநூற்றைம்பது டிகிரிக்கும் கீழே குளிர வைத்திருக்க வேண்டும். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஐஸ்பெட்டி. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார். நான் ஒருத்திதான் அந்தப் பெயரைக் கேட்டால் முறைப்பேன், அதுவும் மற்றவர்கள் கூப்பிட்டால் மட்டும்.

என் வேலை அளப்பது. நம்முடைய பால்வீதிக்கு வெளியே, கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற காலக்ஸிகள் ரேடியோ அலையில் எவ்வளவு பிரகாசமாக இருக்கின்றன என்று ஐந்து அலைநீளங்களில் அளக்கிறேன். இருபது சென்டிமீட்டர், ஆறு, மூன்று, ஒன்று, கடைசியாக மூன்று மில்லிமீட்டர். ஐந்து புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். அந்தக் கோடு போகிற போக்கிலேயே ஆள் எப்படி என்று சொல்லிவிடலாம். நீள அலையில் பலமாக இருந்து, குட்டை அலைக்கு வர வரச் சரிந்தால் அது கிழடு, எப்போதோ உமிழ்ந்தது இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. கோடு சமமாகப் போனால் நடுவில் உள்ள கருந்துளை இன்னும் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அர்த்தம். இடையில் திமில் மாதிரி எழும்பி இறங்கினால் பெரும்பாலும் இளசு. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என் பட்டியலில். சொந்தக்காரர்களின் பிறந்தநாள் ஒன்றும் எனக்கு நினைவில் நிற்பதில்லை. இவர்களுடைய சாய்வு எல்லாம் மனப்பாடம்.

வானத்தில் எதையும் தனியாக வைத்து அளக்க முடியாது. பலம் ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், தராசில் எடைக்கல் வைக்கிற மாதிரி. என்னுடைய எடைக்கல் ஒரு குவாசார், அதாவது நடுவில் உள்ள கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டு பளிச்சென்று எரிகிற ஒரு தூரத்துக் காலக்ஸி. குவாசார் என்றாலே ஒரு நிலையில் நிற்காத சாதி. இன்றைக்கு ஏறும், அடுத்த மாதம் இறங்கும். இது மட்டும் பதினோரு வருஷமாக இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. அதற்கு நான் வைத்த பெயர் நல்லபிள்ளை. நாளடைவில் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்து, ஆபரேட்டர்களின் குறிப்பேட்டில்கூட அந்தப் பெயர் ஏறிவிட்டது.

எடைக்கல்லையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கிரகங்கள் இருக்கின்றன. யுரேனஸ் எவ்வளவு பிரகாசம் என்பது கணக்குப் போட்டே தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பருவத்தில் யுரேனஸ் போய்ச் சூரியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பக்கம் டிஷ்ஷைத் திருப்பினால் ரிசீவர் வெந்துவிடும். மற்ற கிரகங்கள் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் வானத்தில் இல்லை. இரண்டு மாதம்தானே, நல்லபிள்ளை இருக்கும்போது என்ன கவலை என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு மாதத்தில் எடுத்த அளவுகளில்தான் கடைசிப் புள்ளி விழுந்தது. ஒன்றிரண்டில் இல்லை, இருநூற்றுப் பன்னிரண்டிலும். சமமாகப் போகிற கோடுகள்கூட மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு தொப்பென்று இறங்கின. பிரபஞ்சம் முழுக்க ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு இப்படிச் செய்யாது. கோளாறு இங்கேதான்.

எங்கே என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் நேரம் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். நல்லபிள்ளையை முதலில் அளந்துவிட்டு, மற்றவர்களைப் பகல் பன்னிரண்டு வரை வரிசையாக அளப்போம். ரிசீவர் முதல் அரைமணி நேரம் தெம்பாக இருந்துவிட்டு அப்புறம் சோர்ந்துபோனால் இப்படித்தான் வரும். பொருத்தமான விளக்கம். கூட்டத்தில் யாரோ ஏன் என்று கேட்டபோது அதையும் சொன்னேன்.

அதற்குமேல் என் கையில் இல்லை. டிஷ்ஷின் குவியத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தைத் தங்கள் புதுக் கேமராவுக்குக் கேட்டு ஒரு குழு ஒரு வருஷமாக நடையாய் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் மேடம் அதிகம் பேச மாட்டார். மூன்று வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் சரிசெய்யாவிட்டால் வியாழக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் ரிசீவரை இறக்குவதாக முடிவு. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. இறக்கினால் அது மறுபடி மேலே ஏறப்போவதில்லை, பெட்டிக்குள் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டில் அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தொடங்கி, துண்டை எந்தக் கொடியில் போடுவது என்பது வரைக்கும் என்னோடு மல்லுக்கு நிற்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சண்டையையும் அவராக விட்டுக்கொடுத்தது கிடையாது. அன்றைக்கும் வீட்டுக்கு வந்ததும் பெரிய யுத்தம் நடக்கும் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் கைகழுவிவிட்டு வந்து, "எவ்ளோ விழுது?" என்றார்.

"பத்தொன்பது சதவீதம்."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்."

"சரி, பாக்கறேன்" என்றார். துண்டைத் தப்பான கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் இரண்டு தடவை ரிசீவரைப் பிரித்தார். ஒவ்வொரு தடவையும் அதைச் சூடாக்கிப் பிரித்துத் திரும்பக் குளிரவைக்க நான்கு நாள் ஆகும். குளிரூட்டும் பம்பை மாற்றினார். இணைப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய், சாப்பிடும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டார். நான் கேட்டால், "ஒண்ணும் கிடைக்கல, இன்னும் தேடறேன்" என்பார். ரிசீவர் சோர்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சூடு தெரிந்த ஒரு கறுப்புப் பலகையை அதன் முன்னால் வைத்து, அரைமணிக்கு ஒரு தடவை அளவு மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையைச் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. செய்திருப்பார், விழுந்திருக்கும், அதனால்தான் பேசாமல் இருக்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. அவர் காலையில் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். நானும் என் நாத்தனாரும் அலுவலக வேனில் போனோம். நாத்தனார் அவருடைய ஒரே தங்கை. அவளும் அங்கேதான், டிஷ்ஷைத் திருப்புகிற ஆபரேட்டர். எனக்கும் அவளுக்கும் ஆகாது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. நாங்கள் இருவரும் சேர்ந்து கிளப்பிவிட்ட பேச்சு அது. அப்படி ஒரு பெயர் இருந்தால் எங்கள் நடுவில் புகுந்து யாரும் வம்பு பேச வருவதில்லை.

"அண்ணி, நெஜமாவே இன்னிக்குக் கழட்டிடுவாங்களா?" என்றாள்.

"தெரியல."

"என் நேரத்தப் பாருங்க. இப்பதான் எனக்கு வேலை சுலபமாச்சு. அந்தக் கேமராவ வச்சுக்கிட்டு மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"என்ன சுலபமாச்சு?"

"காலைல குறிபாக்கறது. முன்னல்லாம் நல்லபிள்ளையப் புடிக்க நாலு தடவ டிஷ்ஷ குறுக்கும் நெடுக்கும் ஓட்டணும். இப்ப ரெண்டு தடவையிலயே பளிச்சுனு நிக்குது. அதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

வேன் ஒரு வளைவில் திரும்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வளைவினால் இல்லை.

"எப்பலேர்ந்து?"

"ஒரு ரெண்டு மாசமா. ஏன்?"

"உங்க அண்ணன் பிரிச்சு மாட்டினதுக்கு அப்புறமா?"

"இல்ல இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே. என்ன அண்ணி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

ரிசீவர் சோர்ந்துபோகிறது என்றால் குறிபார்ப்பது கடினமாக வேண்டும். சோர்வதற்கு முன்னால் பார்ப்பதால் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டாலும், பழையபடிதானே இருக்க வேண்டும்? பாதி வேலையில் பளிச்சென்று எப்படி நிற்கும்? ஒரே ஒரு வழிதான். நல்லபிள்ளை ஏறியிருக்க வேண்டும்.

எடைக்கல் கனத்துப்போனால் கடையில் உள்ள சாமான் எல்லாம் எடை குறைந்ததாகத்தான் காட்டும். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். நான் ஏன் பார்க்கவில்லை என்றால், பார்க்கிற மாதிரி என் கணினி நிரலை நான் எழுதவே இல்லை. அது நல்லபிள்ளையின் அளவை ஒன்று என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்களை அதைக் கொண்டு வகுத்துவிடும். நல்லபிள்ளை வந்து நின்ற எண் எந்தத் திரையிலும் வராது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதைத் தினமும் பார்ப்பது வெட்டிவேலை என்று அந்த வரியை அழித்தது நானேதான்.

ஆனாலும் ஓர் இடறல் இருந்தது. அதே வாரங்களில் மூன்று சென்டிமீட்டரில் நல்லபிள்ளையைக் கிரகமில்லாமல் வேறு வழியில் சோதித்திருந்தேன். அங்கே அது இம்மியளவும் அசையவில்லை. அந்தத் தைரியத்தில்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். பிறகு வேனில் உட்கார்ந்தபடியே என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நாத்தனார் பயந்துவிட்டாள். கருந்துளைக்குப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு வாயுப் பொதி வெளியே வீசப்பட்டால், ஆரம்பத்தில் அது அடர்த்தியாக இருக்கும். நீள அலைகள் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். குட்டை அலை மட்டும்தான் வெளியே வரும். அதனால் மில்லிமீட்டரில் முதலில் ஏறும். பொதி விரிந்து தளர்ந்த பிறகு, மாதக்கணக்கில் கழித்துத்தான் சென்டிமீட்டரில் தெரியும். இதை நான் மூன்று கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். ஊரில் இருக்கிற குவாசார் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விதி நல்லபிள்ளைக்கு மட்டும் பொருந்தாது என்று நினைத்தேனே, என்னை என்ன செய்வது.

"உன் டெஸ்ட் நேரம் இன்னிக்கு எவ்ளோ?" என்றேன்.

"அரைமணி. காத்து, பிரேக்கு எல்லாம் சரிபாக்கணும்."

"எனக்குக் குடு. யுரேனஸ் சூரியன விட்டு விலகிடுச்சா?"

"முந்தாநாள்லேர்ந்து அனுமதி இருக்கு." அண்ணனுக்காகவா என்று கேட்கவில்லை. "பத்து மணிக்கு வாங்க. பிரேக்க நான் சாயங்காலம் பாத்துக்கறேன்" என்றாள்.

பத்து மணிக்கு யுரேனஸைப் பார்த்தோம். கணக்குப்படி வர வேண்டிய பிரகாசத்துக்கும் ரிசீவர் காட்டியதற்கும் ஒரு சதவீதம் வித்தியாசம். ரிசீவரில் ஒரு குறையும் இல்லை. அடுத்து நல்லபிள்ளை. அன்று முதல்முறையாக அதை வகுக்காமல் நேராகப் பார்த்தேன். பழைய அளவைப்போல ஒன்றே கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. துல்லியமாகச் சொன்னால் 1.23. அந்த எண்ணை வைத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் திருத்தி ஓட்டினேன். காற்றின் ஈரப்பதத்துக்குத் திருத்தம் போட்டு முடிக்க மதியம் தாண்டிவிட்டது. கடைசிப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் தங்கள் கோட்டில் போய் உட்கார்ந்தன. சந்தோஷப்பட வேண்டிய நேரம். மணி மூன்றடிக்க நான்கு நிமிஷம்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. இயக்குநர் மேடம் கையில் ஒரு தாள். இடம் கேட்டு நடந்த குழுவின் கேமராக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரத்தில் இருந்தார்.

"ரிசீவர் பொறியாளர் ஒரு கடிதம் கொடுத்திருக்கார். படிச்சுடறேன்" என்றார் மேடம். அவர் எதையும் ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் படிப்பார்.

"மூன்று மில்லிமீட்டர் ரிசீவரைப் பலகைச் சோதனைக்கு முப்பத்தொரு முறை உட்படுத்தினேன். நான்கு மணி நேரத்தில் அரை சதவீதத்துக்கு மேல் அளவு மாறவில்லை. ஆனால் வானத்தை அளப்பவர் பத்தொன்பது சதவீதம் குறைவதாகச் சொல்கிறார். அவருடைய அளவுகளை இருபது வருடங்களுக்கு மேலாக அறிவேன். என் பலகையைவிட அவை நம்பத்தகுந்தவை. குறையை என்னால் கண்டுபிடிக்க முடியாததால் ரிசீவரை இறக்கிவிடச் சம்மதிக்கிறேன்."

முப்பத்தொரு முறை. ஒரு தடவைகூட விழவில்லை. அதை என்னிடம் சொல்லாமல் விரல் வெடிக்க வெடிக்கப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டதால் பிழைத்தேன்.

"மேடம், அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போடுங்க" என்று எழுந்தேன். "தப்பு ரிசீவர்ல இல்ல. என்கிட்ட."

மற்றவர்கள் தப்பைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் பெயர் வாங்கியவள் நான். அந்த அறையில் உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேரை ஏதோ ஒரு கூட்டத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அவர்கள் முன்னால் நின்று யுரேனஸையும் 1.23-ஐயும் சொன்னேன். அழித்த வரியைச் சொன்னேன். நல்லபிள்ளையை ஏன் சந்தேகப்படவில்லை என்று மேடம் கேட்டார். "பழகிடுச்சு மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது. அடுத்த வாரம் வெளியாக இருந்த என் பட்டியலை நிறுத்திவைக்கச் சொன்னேன், இந்தப் பருவத்து மூன்று மில்லிமீட்டர் அளவு அத்தனையையும் கிரகத்தோடு ஒப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். கேமராக்காரர் காலைக் கீழே இறக்கிவிட்டார்.

மேடம் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டாக மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். "ரிசீவர் இருக்கட்டும். இனிமே ஒரே ஆளை நம்பாதீங்க, மூணு பேர வச்சுக்கோங்க. நல்லபிள்ளை என்ன பண்ணுதுன்னு வாராவாரம் எனக்கு ஒரு வரைபடம் வேணும்" என்று எழுந்துவிட்டார். கூட்டம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது.

நடையில் அவரைப் பிடித்தேன். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் ரிசீவர் பிழைத்த சந்தோஷம் தெரிந்தது. அதற்குமேல் வேறொன்றும் இருந்தது, பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி.

"முப்பத்தொரு தடவ பலகை வச்சீங்களா?"

"ம்."

"ஒரு தடவகூட விழல. அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன? துண்டுக்குச் சண்ட போடறீங்க, ஜன்னலுக்குச் சண்ட போடறீங்க. ஆறு வருஷ உழைப்பு, அதுக்கு வாயத் தெறக்கத் தெரியாதா? ஒரு வார்த்தை சண்ட போட்டிருந்தா நான் அன்னிக்கே நல்லபிள்ளையப் பாத்திருப்பேன்ல?"

அவர் கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். தனக்கு இன்னொன்று அழுத்தினார்.

"பாத்திருப்பியா?" என்றார்.

"பின்ன?"

"நான் சண்ட போட்டிருந்தா நீ விட்டுக்கொடுத்திருப்பம்மா" என்றார். "அதுதான் பயமா இருந்துச்சு. எனக்காக அந்தப் புள்ளிய எல்லாம் கொஞ்சம் மேல தூக்கி வச்சுடுவியோன்னு. அப்புறம் உன் பட்டியல யாரு நம்பறது?"

நான் அப்படிப்பட்டவளா என்று கத்த வாயைத் திறந்தேன். கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன். போன திங்கட்கிழமை அறையில் தனியாக இருந்தபோது மூன்று மில்லிமீட்டர் அளவுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, ஒரு பெருக்கல் எண் போட்டால் எப்படி இருக்கும் என்று போட்டுப் பார்த்திருந்தேன். கோடுகள் அழகாக வந்தன. பதினைந்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சேமிக்காமல் மூடினேன். அன்று சாயங்காலம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சேமித்திருப்பேன். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"திருத்தியிருப்பேன்" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். காபியை ஊதிக் குடித்துவிட்டு, ரிசீவரைப் பார்க்க டிஷ்ஷுக்குப் போனார்.